பட்டன் எந்தப் பக்கம்?

அத்தியாயம் 14

போன வாரம் நம் வக்கீலம்மாவைக் கோர்ட்டு வாசற்படியில் நிற்க வைத்துவிட்டுப் போய்விட்டேன். கால் கடுக்காதா, ஒரு வாரமா அவளை அப்படியே நிற்க வைப்பது என்று ஒரு வாசகி கோபமாகவே எழுதியிருந்தார். நியாயம்தான். உள்ளே போய்விடலாம்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு மட்டும் நாலு வார்த்தை. அந்தக் கோர்ட்டில் வக்கீலாகப் பதிவு செய்துகொண்ட முதல் பெண் இவள். சட்டக் கல்லூரியில் சேரப் போனபோது அப்பா கையெழுத்து வேண்டும் என்றார்கள். அப்பா போட மாட்டேன் என்றார். அம்மா போட்டாள். அம்மாவின் கையெழுத்து செல்லாது என்றார் முதல்வர். "அப்போ இவளைப் பெத்தது நான்தான்னு அதுக்கும் சாட்சி கூட்டிட்டு வரணுமா சார்?" என்று கேட்டுவிட்டு, அம்மா ஆறு வாரம் தினமும் அவர் அறை வாசலில் வந்து உட்கார்ந்தாள். ஏழாவது வாரம் அந்த மனிதருக்கே வெட்கமாகிப் போய் இடம் கொடுத்தார். வகுப்பில் பெஞ்சு கிடையாது, கதவோரமாக ஒரு தனி நாற்காலி. மழை பெய்தால் சாரல் அவள் நோட்டில்தான் விழும்.

படித்து முடித்ததும் பதினொரு வக்கீல் ஆபீஸ் படி ஏறி இறங்கினாள். பத்துப் பேர் இடமில்லை என்றார்கள். பதினோராவது ஆள், டைப் அடிக்கத் தெரியுமா என்று கேட்டார். போதுமடா சாமி என்று தானே ஒரு போர்டு எழுதி மாட்டிக்கொண்டாள்.

அப்பா தையல்காரர். கோர்ட்டுக்கு எதிர்த் தெருவில் கடை. முப்பது வருடமாக அந்த ஊர் வக்கீல்கள் போட்டுக்கொள்ளும் கறுப்புக் கோட்டும் கவுனும் அவர் கை பட்டதுதான். கையெழுத்துப் போட மறுத்த நாளிலிருந்து அப்பாவும் மகளும் பேசிக்கொள்வதில்லை. இருப்பது ஒரே வீடு, ஆனால் ஐந்து வருடமாகப் பேச்சு இல்லை. "அவளைச் சாப்பிட வரச் சொல்லு" என்பார், அவள் எதிரிலேயே. "எனக்குப் பசிக்கலைன்னு சொல்லும்மா" என்பாள் இவள். "நான் என்ன தபால் ஆபீஸா?" என்று அம்மா கேட்பாள். கேட்டுவிட்டு இரண்டு பக்கமும் தபாலைச் சேர்த்தும் விடுவாள்.

தையல்காரரின் மகள்தான் இவள் என்பது கோர்ட்டில் யாருக்கும் தெரியாது. வீடு பஸ் ஏறிப் போகிற தூரத்தில் இருக்கிறது. அவரும் சொல்லிக்கொள்ளவில்லை. தன்னால் கடைக்கு ஒரு கெடுதல் வந்துவிடக் கூடாதென்று அவளும் சொல்லவில்லை. அந்தக் கடைப் படியைக்கூட அவள் மிதித்ததில்லை.

சரி, கோர்ட்டுக்குள் வந்துவிட்டோம். மணி பத்தரை.

இன்றைக்கு வருவது ஆபரேட்டரின் வழக்கு. தொலைபேசி நிலையத்தில் ஒன்பது வருடம் வேலை பார்த்த பெண். கல்யாணமான மறுநாளே, மணமான பெண்கள் வேலையில் தொடரக் கூடாது என்று ஒரு விதியைக் காட்டி வெளியே அனுப்பிவிட்டார்கள். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அதில் வேறு ஆளை நியமிக்காமல் தடுக்க வேண்டும். மனு அதற்குத்தான்.

பெஞ்ச் கிளார்க் வழக்கைக் கூப்பிட்டார். இவள் எழுந்தாள். எதிரே நிர்வாகத்தின் தரப்பில் பெரிய வக்கீல் எழுந்தார். எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆளும் பெரிய ஆள்தான், நாற்காலி ஒரு முறை முனகிவிட்டுத்தான் அவரை விடும்.

"ஒரு சின்ன விஷயம், ஐயா," என்றார் அவர். "உடை விதி என்ன சொல்லுது? கறுப்புக் கோட்டு, அதுக்கு மேல கவுன், கழுத்துல வெள்ளைப் பட்டை. எதிர்த் தரப்புல கவுனைப் பார்க்கிறேன், பட்டையைப் பார்க்கிறேன். கோட்டைத்தான் காணோம்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

உண்மைதான். அவளிடம் கோட்டு இல்லை. கவுன் பழையது, ஒரு புத்தகக் கடையில் சட்டப் புத்தகங்களோடு சேர்ந்து கிடைத்தது. கடைகளில் தொங்குகிற கோட்டெல்லாம் ஆண்கள் அளவு. அவளுக்குத் தைத்துத் தரத் தெரிந்த ஒரே தையல்காரரிடம் அவள் பேசுவதில்லை. முந்தைய நீதிபதி ஏழு மாதமாக இதைக் கண்டுகொள்ளவே இல்லை. இவர் புதியவர், திங்கட்கிழமைதான் வந்திருக்கிறார்.

"எங்கேயும் பெண்கள் அளவுக்குக் கோட்டு கிடைக்கலை, ஐயா," என்றாள். "அந்த விதியை எழுதினப்போ..."

"விதியில என்ன இருக்கோ அதுதான்," என்று பெரிய வக்கீல் குறுக்கிட்டார். "கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கெட்டவர் இல்லை, எழுதியதற்கு மேல் ஒரு அங்குலம் நகராதவர். "மனுதாரர் தரப்புல வக்கீல் யாரும் எனக்குத் தெரியலையே," என்றார்.

இது அங்கே ஒரு மரபு. உடை சரியில்லாத வக்கீல் நீதிபதியின் கண்ணுக்குத் தெரிய மாட்டார். எதிரே நின்றாலும் தெரியாது, பேசினாலும் கேட்காது. ஆண் வக்கீல்களுக்கு இது ஒரு வேடிக்கை. கழுத்துப் பட்டையை மறந்துவிட்டு வந்தவன் ஓடிப் போய்க் கட்டிக்கொண்டு வருவான், சிரித்துவிட்டு மேலே நடத்துவார்கள். இவள் எங்கே ஓடுவாள்?

"ரெண்டு மணிக்குத் திரும்பக் கூப்பிடறோம்," என்றார் நீதிபதி. "அப்பவும் வக்கீல் யாரும் தெரியலைன்னா, மனு தள்ளுபடி."

வக்கீல்கள் அறையில் சுவர் நிறையக் கோட்டுகள் தொங்கின. நாலு பேரிடம் கேட்டுப் பார்த்தாள். ஒருவருக்கு இதோ அடுத்த கேஸ். ஒருவர் சாவியைத் தேடுவதுபோலத் திரும்பிக்கொண்டார். ஒருவர் கேட்காதவர்போலப் பேப்பர் படித்தார். நாலாமவர் தாராளமாகக் கழற்றிக் கொடுத்தார், போட்டுப் பார்த்தால் முழங்காலைத் தொட்டது. அறை முழுக்கச் சிரிப்பு. கழற்றி மடித்து, நன்றி சொல்லி, கொடுத்துவிட்டு வந்தாள்.

மாடிப்படிக்குக் கீழே இருந்த பெஞ்சில் ஆபரேட்டர் காத்திருந்தாள். "வேற நாள் கேக்க முடியாதாக்கா?"

"இன்னைக்குத் தள்ளுபடி ஆயிட்டா, நாளைக்குக் காலைல உன் நாற்காலியில வேற ஆள் உட்கார்ந்திருக்கும்."

அவள் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. அப்படிக் கேட்காமல் இருந்ததுதான் இவளுக்குத் தாங்க முடியவில்லை.

ஒரு மணிக்கு அம்மா சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்தாள். கடையின் உள்ளே, வருகிறவர்கள் கண்ணில் படாமல் உட்கார்ந்து, பட்டன் துளைக்குக் காஜா எடுப்பதும் பட்டன் தைப்பதும் அம்மாதான். ஒரு மணியானால் ஊசியை வைத்துவிட்டுத் தெருவைத் தாண்டி வந்து மகளுக்குப் பரிமாறிவிட்டுப் போவாள். இன்று மகளின் முகத்தைப் பார்த்ததும் மூடியைத் திறக்கவில்லை. நடந்ததைக் கேட்டாள்.

"எழுந்திரு."

"எங்கேம்மா?"

"கடைக்கு."

"நான் வரலை. அவர் வான்னு கூப்பிடலை."

"அஞ்சு வருஷமா உங்க ரெண்டு பேருக்கும் தபால் சுமந்தவ சொல்றேன்," என்றாள் அம்மா. "இன்னைக்குத் தபால் ஆபீஸ் லீவு. நீயே போய்ப் பேசிக்கோ." சொல்லிவிட்டுக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். சின்ன உருவம்தான், பிடி மட்டும் கத்தரிக்கோல் பிடி.

அப்பா வெட்டும் மேஜையில் குனிந்திருந்தார். நிழல் விழுந்ததும் நிமிர்ந்தார். மகளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், மறுபடி துணியைப் பார்த்தார்.

அம்மா நேராகப் போய்த் திரைச்சீலையை விலக்கினாள். உள்ளே ஒரு கம்பியில், பழைய வெள்ளைத் துணி போர்த்தி ஏதோ தொங்கியது. துணியை எடுத்தாள். கறுப்புக் கோட்டு. சின்னத் தோள், ஒடுக்கமான இடுப்பு. தோளிலும் கையிலும் இன்னும் வெள்ளை நூலில், பிறகு பிரித்துவிடுகிற ஓட்டுத்தையல்.

"நீ வக்கீலாப் பதிவு பண்ணின மறுநாள் வெட்டினார்," என்றாள் அம்மா. "ஏழு மாசமா தொங்குது. வர்றவங்க கேட்டா, சின்ன உடம்பு வக்கீல் ஒருத்தர், ட்ரையலுக்கு வரவே மாட்டேங்கிறாருன்னு சொல்லிக்கிட்டிருக்கார்."

அவள் கோட்டின் கையைத் தொட்டுப் பார்த்தாள். "அளவு?"

அளவு நோட்டு மேஜையில் இருந்தது, அம்மா அதைப் புரட்டிக் காட்டினாள். பள்ளிச் சீருடைக்காகப் பதினைந்து வயதில் எடுத்த அளவு. பக்கத்திலேயே பென்சிலில் வேறு எண்கள். அழித்து எழுதி, மறுபடி அழித்து எழுதியவை. தினமும் சாப்பாட்டு நேரத்தில், அவள் குனிந்து சாப்பிடும்போது, அந்த மனிதர் கண்ணாலேயே மகளை அளந்திருக்கிறார்.

"மணி ஒண்ணு பத்து," என்றாள் அம்மா. "ரெண்டு மணிக்குக் கோட்டோட நிக்கணும். இல்லைன்னா அந்தப் பொண்ணோட வேலை போச்சு."

அப்பா இன்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். "அவளைக் கொஞ்சம் நிமிர்ந்து நிக்கச் சொல்லு," என்றார்.

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "தபால் ஆபீஸ் லீவு."

கடையில் மூன்று தையல் மிஷின்களும் சும்மா இருந்தன. தெருவில் ஒரு சைக்கிள் மணி கேட்டது.

"நிமிர்ந்து நில்லும்மா," என்றார் அப்பா.

அவள் நிமிர்ந்து நின்றாள். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது, துடைத்தால் தோள் அசையுமே என்று அப்படியே விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு பேச நேரமில்லை. அவர் வாயில் குண்டூசிகள். ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில், அக்குளில், மணிக்கட்டில் குத்தினார். பென்சில் கணக்கு கிட்டத்தட்டச் சரி. கை மட்டும் அரை அங்குலம் நீளம். கழற்றினார், மிஷினில் உட்கார்ந்தார், ஓட்டினார். அம்மா மறுபக்கம் பட்டனை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது முறை மாட்டிப் பார்த்தபோதுதான் அவள் கேட்டாள். "ஏம்ப்பா அன்னைக்குக் கையெழுத்துப் போடலை?"

வாயில் இருந்த கடைசி ஊசியையும் குத்தி முடித்த பிறகுதான் அவர் பேசினார். "முப்பது வருஷமா இங்கே முட்டி போட்டுத்தான் அவங்களுக்கு அளவெடுக்கிறேன். நான் ஒரு மனுஷன் கீழே இருக்கேன்னே அவங்களுக்கு ஞாபகம் இருக்காது. படிக்க வர்ற பொண்ணுங்களைப் பத்தி, சாட்சிக் கூண்டுல அழற பொண்ணுங்களைப் பத்தி, என்னென்ன பேசுவாங்க தெரியுமா? அந்த வாயில உன் பேரு விழ வேண்டாம்னு நினைச்சேன். வேற ஒண்ணும் இல்லைம்மா."

"நீங்க பதிலுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?"

"வாயில ஊசி இருக்குமே."

"ஊசி இல்லாதப்போ?"

அவர் கோட்டின் காலரை நீவிவிட்டார். நீவ வேண்டிய அவசியமே இல்லை, அது சரியாகத்தான் இருந்தது. "ஊசி இல்லாதப்பவும் சொன்னதில்லை," என்றார்.

அவர் இப்படி ஒப்புக்கொள்வார் என்று அவள் நினைக்கவே இல்லை. ஐந்து வருடக் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல், அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திக் காய்த்துப் போயிருந்தது.

மணி ஒன்று ஐம்பது. "பட்டனைப் போடு, பார்ப்போம்," என்றார்.

அவள் கை ஒரு பக்கம் தேடியது, பட்டன் மறுபக்கம் இருந்தது. அப்பாவின் முகம் செத்துவிட்டது.

"போச்சு. வலது பக்கம் வச்சிருக்கேன். ஆம்பளைக் கோட்டு மாதிரியே வச்சுத் தொலைச்சிருக்கேன்."

"காஜா எடுத்தது நானாச்சே," என்றாள் அம்மா மெதுவாக. "எனக்கும் தோணலையே."

முப்பது வருடத்தில் அந்தக் கடையில் இரண்டு பேரும் ஒரே ஒரு பெண்ணுக்குக்கூடக் கோட்டுத் தைத்ததில்லை. கை பழகிய பக்கத்துக்கே போயிருக்கிறது. அதை அடைத்து மறுபக்கம் எடுப்பதென்றால் அரை நாள் வேலை. அப்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மகள் குனிந்து பட்டன்களைப் பார்த்தாள். பிறகு அன்றைய நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

"இருக்கட்டும்ப்பா. இப்படியே இருக்கட்டும்," என்று கவுனை மேலே போட்டுக்கொண்டு ஓடினாள். தோளில் வெள்ளை நூலைப் பிரிக்கக்கூட நேரமில்லை.

இரண்டு மணிக்கு நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

பெரிய வக்கீல்தான் முதலில் எழுந்தார். "ஐயா, இது ஆம்பளைக் கோட்டு. பட்டனைப் பாருங்க, வலது பக்கம் இருக்கு. யாரோ ஒரு ஆளோட கோட்டை மாட்டிக்கிட்டு வந்து நின்னா..."

"எனக்குன்னே தைச்ச கோட்டு, ஐயா," என்றாள். "மத்தபடி காலைல எதிர்த்தரப்பு வக்கீல் சொன்னதைத்தான் நானும் சொல்றேன். விதியில என்ன இருக்கோ அதுதான். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

நீதிபதி பெஞ்ச் கிளார்க்கைப் பார்த்தார். "விதியைப் படிங்க."

"கறுப்புக் கோட்டு. அவ்வளவுதான் ஐயா இருக்கு."

"பட்டன் எந்தப் பக்கம்னு இருக்கா?"

கிளார்க் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். "இல்லீங்க."

"கவுன் விலகியிருக்கே, தோள்ல என்னம்மா வெள்ளையா?"

"ஓட்டுத்தையல், ஐயா. பிரிக்க நேரமில்லை."

"அதுக்கும் தடை இல்லையே?" என்றார் நீதிபதி. கிளார்க் தலையாட்டினார். நீதிபதி பேனாவைத் திறந்தார். "இப்போ எனக்கு மனுதாரரோட வக்கீல் நல்லாத் தெரியறாங்க. சொல்லுங்கம்மா."

சொன்னாள். நீளமாக இல்லை. "அதே அறையில கல்யாணமான ஆண் ஆபரேட்டர்கள் பத்துப் பேர் இருக்காங்க, ஐயா. கல்யாணம் ஆனதும் அவங்க யாருக்கும் காது கேக்காமப் போயிடலை. என் கட்சிக்காரருக்கு மட்டும் எப்படிப் போகும்னு நிர்வாகம் சொல்லட்டும். சொல்ற வரைக்கும் அந்த நாற்காலி காலியாவே இருக்கட்டும்."

பெரிய வக்கீல் முக்கால் மணி நேரம் பேசினார். கேட்டு முடித்துவிட்டு நீதிபதி எழுதினார்: அடுத்த வியாழக்கிழமை வரை அந்த இடத்தில் வேறு யாரையும் நியமிக்கக் கூடாது. ஆபரேட்டர் வெளியே வந்து, வக்கீலம்மாவின் தோளில் நீட்டிக்கொண்டிருந்த நூலைச் சரிசெய்து விட்டாள். இருவரும் சிரித்தார்கள், பிறகு இருவரும் அழுதார்கள்.

போகிற வழியில் பெரிய வக்கீல் ஒரு கணம் நின்றார். அவர் கண் அவள் காலரில் நின்றது. அந்தக் காலரை அவருக்கு நன்றாகத் தெரியும். அவருடைய ஐந்து கோட்டிலும் அதே காலர்தான்.

மாலை ஐந்தரை மணி. கடையில் திரைச்சீலைக்குப் பின்னால் மகள் உட்கார்ந்திருக்க, அம்மா சின்னக் கத்தரியால் வெள்ளை நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அப்பா இரண்டு தடவை கதையைக் கேட்டாயிற்று. மூன்றாவது தடவைக்கு, "அப்புறம் ஜட்ஜு என்ன சொன்னார்?" என்று ஆரம்பித்தபோது வாசலில் கனத்த செருப்புச் சத்தம்.

பெரிய வக்கீல். அன்றைக்கு அவருக்குப் புதுக் கோட்டு ட்ரையல். போன வாரமே சொல்லி வைத்த நேரம். அம்மாவின் கத்தரி நின்றது.

அப்பா வழக்கம்போலக் கோட்டை மாட்டிவிட்டார், வாயில் ஊசிகளை வைத்துக்கொண்டார், முட்டி போட்டு உட்கார்ந்தார். பெரிய வக்கீல் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"என்ன டெய்லரே, இப்போ யார் வந்து கேட்டாலும் தைச்சுக் கொடுத்துடறதா? இன்னைக்கு ஒருத்தி கோர்ட்டுக்கு வந்தா பாரு, உங்க கடைக் கோட்டு. எல்லாரும் அதைத்தான் பேசிக்கிட்டிருக்காங்க. நாளைக்கு நாங்கள்லாம் வேற கடை பார்த்துக்கறோம்னா நீங்க என்ன பண்ணுவீங்க? அவள்லாம் எப்படிப்பட்ட பொண்ணு, எந்த மாதிரி வீட்ல இருந்து வர்றா, தெரியுமா உங்களுக்கு?"

திரைக்குப் பின்னால் மகள் எழுந்தாள். அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தாள். கத்தரிக்கோல் பிடி.

அப்பா வாயிலிருந்த ஊசிகளை எடுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொன்றாக மேஜைமேல் வைத்தார். ஏழு ஊசி. பிறகு முட்டியில் கை ஊன்றி எழுந்து நின்றார். எழுந்து நின்றால் அவர் பெரிய வக்கீலைவிட உயரம். இத்தனை வருடத்தில் அது இரண்டு பேருக்குமே உறைக்காமல் போயிருந்தது.

"தெரியும் ஐயா," என்றார். "இன்னைக்கு நான் பேசறேன். நீங்க கொஞ்சம் அசையாம நில்லுங்க."